மூன்றாவது வரிசை பெஞ்ச்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். புதியவர். மூன்றாவது வரிசை காலியாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்து, பையிலிருந்து பால் புட்டியை எடுத்தார். வாசலில் வரவேற்பு ஊழியத்தில் இருந்த அண்ணன் அவரிடம் போனார். பணிவாகத்தான் சொன்னார்: "சிஸ்டர், இது ஒரு ஃபேமிலி எப்பவும் உட்கார்ற இடம். நீங்க கொஞ்சம் பின்னாடி போய் உட்கார்ந்துக்கிறீங்களா?"

அவர் பதிலே சொல்லவில்லை. புட்டியின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார், பைக்குள் வைத்தார், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். பின்வரிசைக்குப் போகவில்லை, வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

நான் நான்காவது வரிசையில், நேர் பின்னால் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றைக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்த மூடியைத் திருகிய கை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சபை மாற வேண்டும் என்று பேச உட்கார்ந்தால் நம் பேச்சு நேராகத் தலைமைக்குப் போய்விடும். போதகர் சரியில்லை, கமிட்டி சரியில்லை, அடுத்த தேர்தலில் நல்லவர்கள் வந்தால் எல்லாம் சரியாகும். நானும் பல வருடம் இப்படித்தான் பேசினேன். ஆனால் அந்தப் பெண்ணை எழுப்பச் சொல்லி எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை. எந்தப் போதகரும் பிரசங்க மேடையிலிருந்து சொல்லவில்லை. அது எங்கள் எல்லோருக்குள்ளும் ஊறிப்போயிருந்த பழக்கம். அந்த அண்ணன் அதை வாய் திறந்து சொன்னார், நான் வாய் மூடி ஆமோதித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படும். பொன்மோதிரம் போட்டவனிடம், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்கிறார்கள். ஏழையிடம், "நீ அங்கே நில்லு" என்கிறார்கள். ஒருவருக்கு 'ஐயா', 'நீர்', 'உட்காரும்'. இன்னொருவருக்கு 'நீ', 'நில்லு'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பட்சபாதத்தை ஒரே ஒரு விகுதியில் காட்டிவிடுகிறது. நாம் சபையில் யாரை 'வாங்க' என்கிறோம், யாரை 'வா' என்கிறோம், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், யாருக்குப் பெயரே தெரியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனித்துப் பாருங்கள். நம் சபையின் உண்மையான விசுவாச அறிக்கை அதுதான்.

இதற்கெல்லாம் ஒரு தனிமனிதன் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் ஜான் வூல்மனைப் பற்றித்தான் சொல்வேன். 1720-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர். தையல் வேலை செய்தவர், கடையும் வைத்திருந்தவர். இளைஞனாக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தன்னிடம் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றார். விற்பனைப் பத்திரத்தை எழுது என்று வூல்மனிடம் சொன்னார். வாங்குபவரோ அவருடைய சபையைச் சேர்ந்த பெரியவர். மனசு ஒப்பவில்லை, ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்திலேயே இருவரிடமும், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று நம்புவதாகவும் சொன்னார். எழுதியது அவரை விடவே இல்லை. பிறகு அப்படிப்பட்ட பத்திரங்களையும் உயில்களையும் எழுத மறுத்தார்.

அதன் பிறகு அவர் வாழ்ந்த விதம்தான் எனக்குப் பாடம். அடிமை வைத்திருந்த விசுவாசிகளின் வீடுகளுக்கே போனார். அவர்களோடு உட்கார்ந்து, முகம் பார்த்து, அன்போடு பேசினார். அப்படித் தங்கிய வீடுகளில் தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளின் வேலைக்குக் கூலி கொடுத்தார். வீட்டுக்காரருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! ஆனால் எந்தப் பிரசங்கமும் அந்தக் காசு பேசிய அளவுக்குப் பேசியிருக்காது. 1758-இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர்களின் வருடாந்தரக் கூட்டம், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களை நேரில் சந்தித்துப் பேச ஆட்களை நியமித்தது. 1776-இல் அதே கூட்டம், தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கவே கூடாது என்று தீர்மானித்தது. அதைப் பார்க்க வூல்மன் இல்லை. 1772-இலேயே இறந்துவிட்டார்.

மென்மையாகப் பேசினால் போதும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் பெஞ்சமின் லே என்ற இன்னொரு குவேக்கர் இருந்தார். 1738-இல் சபைக் கூட்டத்தின் நடுவே, சிவப்புச் சாறு நிரப்பிய பையை வாளால் குத்தி, அடிமை வைத்திருந்தவர்கள் மேல் தெறிக்கவிட்டார். சபை அவரை விலக்கியது. அவர் கத்தியதால்தான் வூல்மன் மெதுவாகப் பேசியபோது கேட்கக் காதுகள் இருந்தன என்று நான் நினைக்கிறேன். 1758-இன் தீர்மானத்தைக் கேள்விப்படும்வரை லே உயிரோடு இருந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் சபைகளில் கேள்வி கேட்கிறவர்களை அடக்க ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: முறுமுறுப்பு. "முறுமுறுக்காதீங்க பிரதர், ஜெபம் பண்ணுங்க." அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்திலும் இதே வார்த்தைதான் வருகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப்போனார்கள், அவர்கள் பக்கத்து மக்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை. சபையைக் கூட்டி, பொறுப்பேற்க 7 பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த 7 பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன்... எல்லாமே கிரேக்கப் பெயர்கள்! யார் விடுபட்டார்களோ, அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தி விசாரணை போனது. அன்றைக்கு முறுமுறுத்தவர்களை யாராவது அடக்கியிருந்தால், கிறிஸ்துவுக்காக முதல் இரத்தசாட்சியாக மரித்த ஸ்தேவானை நமக்குத் தெரிந்திருக்குமா?

காணிக்கைக் கணக்கைக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றம் சொல்லாதபடிக்குப் பவுலே தன்னோடு ஆட்களை வைத்துக்கொண்டார். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் வேதனை வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது, "இதைப் பகிர அவங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்க ஒரே ஒருவர் போதும்.

ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தது என்று தெரிந்தால், "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று சொல்லும் முதல் வாயை அங்கேயே நிறுத்துங்கள். காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயத்தை மூப்பர் அறையில் பேசி முடிக்கிற சபை, அந்தக் குழந்தைக்கு இடறலாக நிற்கிறது. சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் கல்லை, கட்டிக் கடலில் ஆழ்த்துவது நலம் என்றவர் இயேசு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை.

காயப்பட்டு சபையை விட்டுப் போனவர்களை நான் ஒருநாளும் பின்வாங்கிப் போனவர்கள் என்று சொல்லமாட்டேன். சிலருக்குப் போவதே உயிர் பிழைக்கும் வழியாக இருந்திருக்கிறது. இருப்பவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நாம் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

எனக்கு வாய் திறக்க மூன்றரை வருடம் ஆனது. போன சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். யார் எழுப்பினார்கள் என்று சொல்லவில்லை, நான் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது. கூட்டம் முடிந்ததும் அந்த மூன்றாவது வரிசைக் குடும்பத்தின் பெரியவர் என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எங்களுக்காக ஒருத்தரை எழுப்பினாங்கன்னு இன்னைக்குத்தான்ப்பா எனக்குத் தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் குடும்பமாகப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசை வெறுமையாகக் கிடந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். காலியாக இருந்தும் யாரும் உட்காரத் துணியவில்லை, நானும் உட்பட. மூன்றாவது வாரம் தாமதமாக வந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், விஷயம் எதுவும் தெரியாமல், நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்கள். வரவேற்பில் அன்றைக்கும் அதே அண்ணன்தான். போய் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு வந்தார்.