மாநில நிதி ஆணையத்தை நியமிப்பது டெல்லி அல்ல

ஊராட்சி நிதி பற்றிய இந்த இழையில், "மாநில நிதி ஆணையம் என்பது மத்திய நிதி ஆணையத்தின் கிளை, உறுப்பினர்களை டெல்லிதான் போடுகிறது" என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல.

இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். மத்திய வரி வருவாயை மாநிலங்களுடன் எப்படிப் பகிர்வது என்று மத்திய ஆணையம் பரிந்துரைக்கிறது; மாநில வருவாயை ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுடன் எப்படிப் பகிர்வது என்று மாநில ஆணையம் பரிந்துரைக்கிறது. மத்திய ஆணையத்தைக் குடியரசுத் தலைவர் அரசமைப்புச் சட்டத்தின் 280ஆம் உறுப்பின்படி (பிரிவின்படி) அமைக்கிறார்: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாநில ஆணையத்தை அமைப்பவர் ஆளுநர், அதாவது நடைமுறையில் மாநில அரசு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்க வேண்டும். எத்தனை உறுப்பினர்கள், என்ன தகுதி, எப்படித் தேர்வு என்பதையெல்லாம் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்யலாம். நகராட்சிகளுக்கும் இதே ஆணையம்தான், தனியாக வேறு கிடையாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றும் புரிகிறது. மாநில ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாக வைத்து, உள்ளாட்சிகளின் நிதியைப் பெருக்க மத்திய ஆணையம் வழி சொல்ல வேண்டும் என்று 280(3) சொல்கிறது. அறிக்கையை எடுத்துப் பார்ப்பது வேறு, ஆளை நியமிப்பது வேறு.

நீங்களே சரிபார்க்கலாம். மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளமான இந்தியா கோட் (India Code) தளத்தில் அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து 243-எச் உறுப்புக்கு அடுத்ததைப் படியுங்கள். அது 243-உடன் ஆங்கில 'ஐ' (I) எழுத்து. அந்த எழுத்துக்குப் பதில் 1 என்ற எண்ணைத் தட்டித் தேடினால் சிக்காது. முதல் வரியிலேயே 'ஆளுநர்' என்று இருக்கும். நகராட்சிகளுக்கு 243-ஒய். ஆணையம் அமைத்த அரசாணை கையில் கிடைத்தால், அதை வெளியிட்டது எந்த அரசு என்று தலைப்பிலேயே பார்த்துவிடலாம்.