மார்கழி வெயிலும் என் சிவப்புப் பேனாவும்

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமைகளில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் வருஷக் கடைசிப் பரீட்சை. "முதுவேனில் காலத்துக்கு உரிய மாதங்கள் எவை?" என்று ஒரு கேள்வி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "மார்கழி, தை" என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் "ஆனி, ஆடி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

அவன் ஏன் விசிறினான் என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. அது நவம்பர் கடைசி. அந்த அறையில் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயமா? 2017லிருந்து ஊரில் இருக்கிற சனிக்கிழமைகளில் எல்லாம், வகுப்புக்குப் போகும் முன் அரைமணி நேரம், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்றுவிட்டு வருகிறவள் நான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நீர் ஏற்றமா வற்றமா, காற்று எந்தப் பக்கம், என்ன பறவை, எது பூத்திருக்கிறது என்று நாலு வரி எழுதுவேன். தனியாகப் போவதில்லை. கணவர் தூண்டிலோடு கல் கரையில் நிற்பார். இல்லாவிட்டால் காரில் தூங்குவார்.

நான் நிற்கும் அந்த இடத்துக்குப் பெயர் ப்ளூ லகூன். டர்பன் தமிழர்களுக்கு விளக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை வரிசையாக நிறுத்தி, பாட்டுப் போட்டு, பன்னி சௌ சாப்பிடும் இடம். (கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவிடம் போனில் "பன்னி சௌ சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு! பாண் ரொட்டியின் நடுவைத் தோண்டி மொச்சைக் குழம்பு ஊற்றியது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. இன்னும் அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.) ஆனால் அதே இடம் விடிகாலையில் வேறு முகம். எதிர்க்கரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. முதல்முறை அனுமதி வாங்கிக்கொண்டு கூட்டமாக உள்ளே போனபோது, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களைப் பார்த்து நின்றுவிட்டேன். நான் வேதாரண்யம் பக்கத்துக்காரி. முத்துப்பேட்டையில் பார்த்த அதே வெண்கண்டல் மரம், அதே இனம். இலையை நக்கிப் பார்த்தேன், அதே உப்பு. கூட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு அந்த உப்பே எனக்கு நாட்காட்டி ஆகிவிட்டது. ஆனி, ஆடியில் இங்கே மழை குறைவு. விடிகாலையில் பன்னிரண்டு டிகிரி இருக்கும். மரம் வெளியே தள்ளும் உப்பு இலையிலேயே படிந்து மினுங்கும். ஆறு இளைத்துக் கிடக்கும், கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த அந்தச் சின்ன நண்டுகள் வளையை விட்டு அவ்வளவாக வெளியே வராது. அலையாத்திக்கென்றே இங்கே ஒரு மீன்கொத்தி உண்டு, அது இந்தக் குளிரில்தான் வரும். கோடையில் குஞ்சு பொரிக்க ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து ஆற்றோரக் காடுகளுக்குப் போய்விடும். ஆடி கடைசியில் கல்யாண முருங்கை, ஓர் இலைகூட இல்லாமல், சிவப்பாகப் பூத்து நிற்கும். எங்கள் ஊரில் அதை மாசி வாக்கில் பார்த்த ஞாபகம். அப்புறம் காற்று ஆரம்பிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மட்டும் டர்பன் அப்படியே ஒப்புக்கொள்கிறது! ஆனால் ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் இங்கே ஒன்றும் முளைக்காது. மழை ஐப்பசிக்கு மேல்தான்.

மழை தொடங்கினால் இலையில் உப்பு நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். ஆறு செம்மண் நிறத்தில் வரும். மார்கழியில் ஐந்து மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடுவதால் திருப்பாவைக்கு எழுந்திருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம். ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுடும், சேறு முழுக்க நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோமே, இங்கே தை பிறக்கும்போது சூரியன் நம்மை விட்டு வடக்கே கிளம்பிக்கொண்டிருக்கிறார். நாம் வைப்பது வழியனுப்புப் பொங்கல்.

இதைச் சொன்னால் "ஆமாம், தென்னாப்பிரிக்காவில் எல்லாம் தலைகீழ்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் வார்த்தை அது. எதற்குத் தலைகீழ்? தமிழ் மாதம் என்பது சூரியன் எந்த ராசியில் இருக்கிறார் என்ற கணக்கு. மேஷத்தில் நுழைந்தால் சித்திரை, அது வேதாரண்யத்துக்கும் டர்பனுக்கும் பொது. குளிரும் வெயிலும் பூமியின் எந்தப் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தவை. மாதம் வானத்துடையது, பருவம் மண்ணுடையது. நாம் இரண்டையும் ஒரே வாய்ப்பாடாக்கி, "முன்பனி மார்கழி தை" என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கிறோம். வியர்க்க வியர்க்க.

பறவைகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஐப்பசியில் கோடியக்கரைக்கு வடக்கிலிருந்து உள்ளான்களும் தகைவிலான்களும் வந்திறங்கும். அதே மாதத்தில் இங்கேயும் வந்திறங்குகின்றன, அதே உள்ளான், அதே தகைவிலான். அங்கே அவற்றைக் குளிர்கால விருந்தாளி என்போம், இங்கே அவை கோடை விருந்தாளி. டர்பனுக்கு வடக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மவுண்ட் மோர்லேண்ட் நாணல் காட்டில் முப்பது லட்சம் தகைவிலான் வரை அடைந்ததுண்டு என்கிறார்கள். சாயங்காலம் அங்கே நின்று பார்த்திருக்கிறேன், வானத்தில் மிளகைக் கொட்டியது போல இருக்கும். சித்திரையில் ஒன்றுகூட இருக்காது.

என் கணவரின் ஆயாவுக்கு இதெல்லாம் நோட்டில் எழுதாமலே தெரியும். அவர் பிறந்து வளர்ந்தது இதே உம்கேனிக் கரையில், தகரக் கொட்டகைகள் நிறைந்த டின் டவுனில். 1976 வெள்ளத்துக்குப் பிறகு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்குக் குடிபோனவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. ஆயாவிடம் மூன்றே காலங்கள்தான். மத்தி காலம், காற்றுக் காலம், லிச்சி காலம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கூட்டமாகத் தெற்கிலிருந்து கரையோரமாக வரும், வலை போட்டால் கடற்கரையே திருவிழா. பிறகு காற்று, அம்மனுக்குக் கஞ்சி. டிசம்பரில் தெருவோரம் கொத்துக் கொத்தாக லிச்சி. "ஆயா, வெள்ளக் காலம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அது காலம் இல்லம்மா. அது வந்துடும்" என்றார்.

வந்துதான் இருக்கிறது. 1917 அக்டோபர் வெள்ளத்தில் இதே ஆற்றில் தமிழ் மீனவர்கள் ஆறு பேர் படகைத் திரும்பத் திரும்பச் செலுத்தி 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். படவாட்டன் அறுவர் என்று இன்றும் சொல்கிறார்கள், அந்தப் பெயரிலேயே படவு, அதாவது படகு, இருக்கிறது. 1987 செப்டம்பரில் மறுபடி. 2022ல் சித்திரைப் பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஏப்ரல் 11, 12 தேதிகளில், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வருஷம் முழுக்கச் சுமார் ஆயிரம் மில்லிமீட்டர் பெய்யும் ஊர் இது. மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தச் சனிக்கிழமை நான் வழக்கமாக நிற்கும் மணல் திட்டு இல்லை. மரத் தூர், நாணல், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவு. நோட்டில் "நாற்றம்" என்று ஒரே சொல்தான் எழுதியிருக்கிறேன். நண்டு வளைகளை முன்போல எண்ண அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் அந்தப் பரீட்சையும். ஆற்றங்கரையில் ஒரு பாடம் படித்துவிட்டு, வகுப்புக்கு வந்து வேறொரு பாடத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அதனால் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். ஆறு பருவங்களைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. பழைய பாட்டு புரிய அது வேண்டும், அது நம் முன்னோர் அவர்கள் மண்ணைப் பார்த்து எழுதிய குறிப்பு. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு "நம் ஆற்றங்கரையில்" என்று தலைப்பு வைத்தோம். மாதப் பெயர் தமிழில், எதிரே பிள்ளைகள் கண்ணால் கண்டது. பெற்றோர்களில் இரண்டு பேர் "பாரம்பரியத்தில் கை வைக்கிறீர்கள்" என்று வருத்தப்பட்டார்கள். முன்னோர் பார்த்ததை நாம் ஒப்பிக்கிறோம், அவர்கள் பார்த்தது போல நாம் பார்ப்பதில்லை, இதில் எது பாரம்பரியம் என்று கேட்டேன். கொஞ்சம் வேகமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஒருவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன வாரம் அவன் நோட்டில் ஆடிக்கு எதிரே எழுதியிருந்தது: "இலை உப்பு. நண்டு தூங்குது. மரத்தில் பூ மட்டும். அப்பா ஜாக்கெட் எனக்குப் பெரிசு." பழைய பரீட்சைத் தாளைக் கேட்டேன், அவன் அம்மா எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாராம். சரி, அந்தக் கேள்விக்கு அரை மதிப்பெண் இப்போது போட்டேன். முழுசாகப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே காலை பத்து மணி வாக்கில் நீர் நன்றாக வற்றும். வேதாரண்யத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. இங்கே இரண்டு மீட்டர் வரை இறங்கும், சேறு அகலமாகத் திறந்துகொள்ளும். இந்த வாரம் அமாவாசை வருவதால் சனிக்கிழமை வகுப்பு மண்டபத்தில் இல்லை, ப்ளூ லகூனில். பிள்ளைகளுக்குப் பழைய செருப்பு போட்டு அனுப்புங்கள், நல்ல செருப்பைச் சேறு திருப்பித் தராது. நோட்டு நான் கொண்டுவருகிறேன்.