திருமலைக்கு வருகிறவர்களே, முதலில் கலண்டரைப் பாருங்கள்

திருமலையில், அதுதான் எங்கள் திருகோணமலையில், சொந்தக்காரன் ஒருவன் இருந்தால் போதும், குடும்பம் முழுவதற்கும் அவன்தான் டூர் கம்பனி. சம்பளமில்லை, லீவில்லை, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். சரி, உறவென்று வந்தபின் கணக்குப் பார்க்க முடியாது, செய்கிறேன். ஆனால் கேட்கிற ஆட்கள், சொல்கிறதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமா? டிக்கட் எடுத்து, வான் பேசி, ஒபிசில் லீவும் போட்டு முடித்த பிறகுதான் எனக்குப் போன் வரும்: "மச்சான், எப்ப வந்தால் நல்லது?"

டிசம்பரில் வருகிறவர்கள்தான் என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சித்தப்பாவின் மகனுக்கு அங்கே பெரிய லீவு டிசம்பரில்தான் வரும், அது அவன் குற்றமில்லை. ஆனால் டிசம்பரில் இங்கே மாரி. ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று நேராக எங்கள் கரையில்தான் வந்து மோதும். அதே நாட்களில் தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவையிலும் பெந்தோட்டையிலும் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் இரண்டு கரைக்கும் இரண்டு காலம். எங்கள் பக்கத்துக் கடலில் இறங்க வேண்டுமென்றால் மே தொடங்கி செப்டெம்பருக்குள் வரவேண்டும். இதை அவனுக்கு எழுதி அனுப்பினேன், பேசியும் அனுப்பினேன். "வீடியோவில நல்ல நீலமா இருந்ததே!" என்கிறான். அடேய், அது யாரோ ஜூலையில் எடுத்தது!

வந்தான். நிலாவெளியில் கொண்டுபோய் விட்டேன். போட்டுகளெல்லாம் மணலில் மேலே இழுத்து வைத்து, என்ஜினைக் கழற்றி, மேலே படங்கு போட்டுக் கட்டியிருக்கிறது. வாடைக்காற்றில் மழை பக்கவாட்டாக அடிக்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற புறாத்தீவு கண்ணுக்கே தெரியவில்லை. கொட்டிலுக்குள் வலை பொத்திக்கொண்டிருந்த போட்டுக்கார ஐயாவிடம், தீவுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நான் போட்டை ஓடினாலும் நீங்கள் ஏறமாட்டியள், தம்பி" என்றார். அந்த ஒரு வசனத்தோடு விடயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆள் என் காதுக்குள் வந்து, "கொஞ்சம் காசு கூடத் தாறம் எண்டு சொல்லிப் பாரன்" என்கிறான். கடலுக்குக் காசு கொடுக்கச் சொல்கிறான்!

சரியான காலத்தில் வருகிறவர்களாவது ஒழுங்கா என்றால், அதுவுமில்லை. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட இடம். போட்டுக்குத் தனிக்காசு, பூங்கா டிக்கட்டுக்குத் தனிக்காசு, குழுவுக்கென்று ஒரு சேவைக் கட்டணம், அதற்கு மேலே வரி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் டிக்கட் இன்னும் ஏறும். இரண்டு பேராக வந்தால் தலைக்கு விழுகிற காசு கூட, கூட்டமாக வந்தால் குறையும். இதை முன்கூட்டியே சொன்னாலும், கவுண்டரில் பில்லைப் பார்த்தவுடன் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், நான் ஏதோ கொமிஷன் அடித்த மாதிரி. அப்புறம் தீவில் இறங்கி என்ன செய்கிறார்கள் தெரியுமா? முழங்கால் தண்ணீரில் முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேலே ஏறி நின்று செல்ஃபி. அது உயிருள்ளது, மிதித்தால் செத்துப்போகும் என்று சொன்னால், "கல்லுத்தானே" என்ற பதில். வாயிருந்தும் பேச முடியாமல் நிற்பேன்.

அடுத்தது கொழும்புக்காரர்களின் ஒருநாள் பட்டியல். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு போனில் வரைபடத்தை விரித்து வைத்துத் தயாரிப்பார்கள். காலை ஏழுக்குக் கோணேசர், எட்டரைக்குக் கன்னியா, பத்துக்குப் புறாத்தீவு, ஒன்றுக்கு மார்பிள் பீச், பின்னேரம் சேருவில விகாரை, இராச் சாப்பாட்டுக்குக் கொழும்பு. படிக்க அழகாகத்தான் இருக்கும். கோணேசர் கோயில் ஊரின் கிழக்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற சுவாமி மலையில் இருக்கிறது. கன்னியா மேற்கே, அனுராதபுரம் போகிற ரோட்டில். நிலாவெளி வடக்கே. மார்பிள் பீச் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் விரற்கடைத் தூரம்தான், ஆனால் இடையில் கிடப்பது கடல். சீனக்குடாப் பக்கமாக வளைந்து சுற்றித்தான் போகவேண்டும். கொழும்பிலிருந்து இங்கே 250 கிலோமீற்றருக்கும் மேல். ஹபரணையில் தேத்தண்ணி குடித்து, கந்தளாய்க் குளத்தில் இறங்கிப் படம் எடுத்து, ஊருக்குள் வான் நுழையும்போது உச்சி வெயில். இரவிலே திரும்பினால் ஹபரணைக் காட்டு ரோட்டில் யானை நிற்கும் என்று சொன்னால், பயமுறுத்துகிறேனாம்.

அந்த உச்சி வெயிலில்தான் முதலாவது இடமாகக் கோயிலுக்குப் போவார்கள். சம்பந்தர் பாடிய தலம், வருவது புண்ணியம், நான் வேண்டாம் என்கவில்லை. ஆனால் அது தெருவோரக் கோயில் இல்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் இன்றைக்கும் சாமியிடம் போகவேண்டும், உள்ளே இராணுவம் இருக்கிறது. கூட்டமான நாளில் வாகனத்தைத் தூரத்திலேயே விட்டுவிட்டு மேடேற வேண்டும். வழியில் மான்கள் நிற்கும், பிள்ளைகள் பிஸ்கட்டைப் பொலித்தீன் பையோடு சேர்த்து நீட்டுவார்கள், அதற்கும் நான்தான் கத்தவேண்டும்.

போன ஓகஸ்டில் பெரிய மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வருத்தக்காரி. கச்சான் காற்று நெருப்பாய் வீசுகிற நாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டடி வைத்த மாமி, "ஐயோ கோணேசா" என்று கத்திக்கொண்டு மதில் ஓரமாகக் கிடந்த ஒரு சாண் நிழலுக்குள் ஓடினார். முழங்கால் வருத்தமெல்லாம் எங்கே போனதோ! பிறகு அந்த நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு, பேரப்பிள்ளையின் துவாயை விரித்து விரித்து நடந்து, வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியாயிற்று. "தம்பி, நீயெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்கிறார். விடிய வாருங்கள், இல்லாவிட்டால் பின்னேரப் பூசைக்கு வாருங்கள் என்று குடும்ப வட்ஸ்அப்பில் நான் போட்டது அப்படியே கிடக்கிறது, எல்லாரும் பார்த்த நீல அடையாளத்தோடு.

கன்னியாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுடுதண்ணீர் ஊற்று என்றவுடன் நீச்சல் உடுப்போடு வந்து இறங்குகிறார்கள். அங்கே இருப்பது ஏழு சின்னக் கிணறுகள். வாளியால் அள்ளி ஊற்றத்தான் முடியும். இராவணன் தாய்க்கு அந்திமக் கடன் செய்த இடமென்று இறந்தவர்களுக்குச் சடங்கு செய்ய ஆட்கள் வருகிற இடம் அது. ஒருபக்கம் ஒருவர் கண்ணீரோடு தர்ப்பை போட்டுக்கொண்டிருக்க, மறுபக்கம் எங்கள் ஆட்கள் மிதக்கிற வாத்துப் பொம்மைக்குக் காற்று ஊதிக்கொண்டு நிற்கிறார்கள்.

ரூம் விடயம் இன்னும் மோசம். போயா என்கிற பௌர்ணமி லீவும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற நீண்ட லீவுக்கு, புதன்கிழமை இரவு போன் பண்ணி, "கடலைப் பார்த்த மாதிரி, ஏசியோட, விலை குறைவா" கேட்பார்கள். சீசனில் உப்புவெளியில் அப்படி ஒரு ரூம் சும்மா கிடக்குமா? தெரிந்த ஒரு அக்காவிடம் மன்றாடி, வேறொரு ஆளைத் தள்ளிவைத்து எடுத்துக் கொடுத்தேன். கடைசி நேரத்தில், "நாங்கள் பாசிக்குடாவுக்குப் போறம், அங்க மலிவு" என்று ஒரு மெசேஜ். அந்த அக்கா இப்போது என்னைச் சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். (உள்ளதைச் சொன்னால், இந்த ஊர்க்காரர் நாங்கள் கடலுக்குப் போவதே இப்படி விருந்தாளி வந்தால்தான். இல்லாவிட்டால் பின்னேரம் ஊருக்குள்ளேயே இருக்கிற டச்பே கடற்கரைப் பக்கம் போய் வடை தின்றுவிட்டு வந்துவிடுவோம்.)

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல், "சாப்பாட்டுக்கு ஒண்டும் மினக்கெட வேண்டாம், சும்மா எட்டிப் பார்த்திட்டுப் போறம்" என்பது. மத்தியானம் ஒன்றரைக்கு வாசலில் ஹைஏஸ் வந்து நிற்கும், உள்ளேயிருந்து இறங்க இறங்க ஆட்கள் முடியமாட்டார்கள். மனைவி குசினிக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிற பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒன்றரை மணிக்கு எந்த மீன்? விடிய வந்த பாரையும் சூரையும் பத்து மணிக்கே முடிந்திருக்கும். கடையில் இரண்டு டின்மீன் வாங்கி, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, தேசிப்புளி விட்டு ஒரு கறி வைத்தோம். மிச்சம் வைக்காமல் தின்றார்கள். போன கிழமை அவர்களில் ஒருத்தர் கனடாவிலிருந்து குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறார்: "திருமலை வடிவான ஊர்தான், ஆனால் மீன் சாப்பாடு அவ்வளவு விசேசமில்லை."