ஆமாம், வெறும் கைப்பிடிதான்

ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடி உடைந்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம், பாதியை அவர்களே அழித்துவிட்டார்கள். "நாலு லட்சத்துக்கு ஃப்ரிட்ஜ் வாங்கத் தெரியுது, ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு ஒப்பாரியா?" இருந்ததிலேயே மரியாதையான கமென்ட் இதுதான்.

ஒப்பாரிதான். நாலு லட்சம் கொடுத்ததால்தான் ஒப்பாரி. அதை விற்றவர்களிடம் கைப்பிடி மட்டும் விலைக்குக் கிடையாதாம். கதவோடு சேர்த்துத்தான் தருவார்களாம். 46,000 ரூபாய், எட்டு வாரம். செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றச் சொல்கிற கதை.

எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கு: எங்கள் வீடு கொட்டிவாக்கம். கடலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் நாலு தெரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற பேச்செல்லாம் உப்புக் காற்றிடம் செல்லாது. உப்பில் இருக்கும் குளோரைடு எஃகின் மேல்படலத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைக்கும். முதலில் டீத்தூள் சிந்திய மாதிரி பழுப்புப் புள்ளிகள், அப்புறம் சொரசொரப்பு. கைப்பிடியின் எஃகுக் குழாய்க்கு இந்தக் கதி. இரண்டு முனையிலும் இருந்த பிடிப்புகளோ எஃகே இல்லை, முலாம் பூசிய பிளாஸ்டிக். போன மாதம் மேல்முனை பிளந்து, குழாய் அம்மா கையோடு வந்துவிட்டது.

"துணி உறை மாட்டியிருப்பீங்க, ஈரம் அங்கேயே தங்கியிருக்கும்" என்றார் ஒரு நண்பர். சரி, மாட்டியிருந்தேன். பூப்போட்ட உறை. மஞ்சள் கையும் மாவுக் கையும் படாமல் இருக்கட்டுமே என்று நம் வீடுகளில் மாட்டுவதுதான். துருவுக்கு அதுவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளாஸ்டிக்குக்கு முலாம் பூசி எஃகு மாதிரி விற்றது நானா?

அடுத்தவர், "இப்பல்லாம் கைப்பிடியே இல்லாத மாடல்தான் ட்ரெண்ட்" என்ற அண்ணன். அண்ணே, அம்மாவுக்கு 78 வயது, முடக்குவாதம். கதவோரப் பள்ளத்தில் விரல் நுனியை விட்டு இழுக்க அந்த விரல்கள் மடங்காது. ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிய கையோடு மறுபடி திறந்து பாருங்கள். உள்ளே போன வெதுவெதுப்பான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்று கதவை அழுத்தும். போதாததற்கு கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையில், அதாவது கேஸ்கெட்டில், காந்தம் வேறு. மோரை எடுத்து மூடிவிட்டு, ஊறுகாயை மறந்துவிட்டோமே என்று திரும்புகிறவருக்கு அந்த ஒரு நிமிடம் மல்யுத்தம். பதினோரு நாள், கதவில் மிச்சமிருந்த முளையில் துண்டைக் கட்டி, அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார். படத்தில் இருந்தது அந்தத் துண்டுதான். அதற்குத்தான் சிரிப்பு பொம்மை போட்டீர்கள்.

கைப்பிடி அற்ப விஷயமாம். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் கைப்பிடி ஒரு தாழ்ப்பாள். வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுமுட்டிச் செத்தார்கள். உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டு அதன் கைப்பிடியும் கீலும் தட்டும் உதிரிபாகமாகக் கிடைக்க வேண்டும், கேஸ்கெட் 10 ஆண்டு. பழுது பார்ப்பவருக்கு மட்டும் இல்லை, வாங்கியவருக்கும். சட்டத்தில் 'கதவுக் கைப்பிடி' என்றே இருக்கிறது. "அப்போ அங்கேயே போய் இருங்க" என்று இதற்கும் ஒருவர் வருவார். வாங்க. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று போர்ட்டல் தொடங்கியது. போர்ட்டல் இருக்கிறது. நான் கேட்டது கைப்பிடி.

கடைசியில் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்தான் விஷயம் தெரிந்து பேசினார். பிராண்டையோ விலையையோ கேட்கவில்லை. "சென்டர் டு சென்டர் எவ்ளோ மேடம்?" இரண்டு முளைகளின் நடுவுக்கு நடு. அது ஒத்துவராவிட்டால் கதவில் புது ஓட்டை போடலாம் என்று நினைக்கவே கூடாது என்றார். தகட்டுக்குப் பின்னால் ஃபோம், ஈரம் இறங்கினால் கதவே வீண். எஃகு நல்ல ரகமா என்று காந்தம் வைத்துச் சோதிக்க வேண்டாம், மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கடலோரம் என்றால் 316 ரகக் குழாயாக வாங்கி லேத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அம்மாவின் முழுக் கையும் உள்ளே போகிற இடைவெளி, 32 எம்.எம். கனம், பழைய முளைகளிலேயே உட்காருகிற மாதிரி. அடியில் தலையில்லாத குட்டி ஸ்க்ரூ, எல்-கீயால் முடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். நாலு லட்சத்துக்குப் பெட்டி செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதாம்.

இத்தனையும் பொறுத்துக்கொள்வேன். "அம்மாவைக் காட்டி அனுதாபம் தேடுறா" என்று எழுதியிருந்ததே, அதைத்தான் முடியவில்லை. எழுதியவர் யாரென்று உறவுக்காரர்களுக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது மூன்று வருடம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாலும் பழைய ஃப்ரிட்ஜிலிருந்து மாவை எடுத்து அம்மா தோசை ஊற்றுவார். காசுத் திமிராம். இருபத்திரண்டு வருட வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தில், வாழ்க்கையில் ஒரே ஒரு பொருள் நல்லதாக இருக்கட்டும் என்று வாங்கினேன். அதையும் உங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அம்மா போனில் எழுத்தைப் பெரிதாக்கி எல்லாக் கமென்ட்டையும் படித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் புதுக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, மோரை எடுத்து மூடினார். உடனே மறுபடி திறந்து ஊறுகாயை எடுத்தார். "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றார்.

நான் கேட்கப் போவதில்லை. கீழ் ஸ்க்ரூ இலேசாக ஆடுகிறது, எல்-கீயை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.