மாடு பறக்கும் படமும் நானும்

சின்ன வயதில் கேபிளில் எப்போது போட்டாலும் விடாமல் பார்த்த படம் ‘ட்விஸ்டர்’. 1996-ல் வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொர்னேடோ என்ற சுழல்காற்றைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு ஆராய்ச்சிக் கும்பலின் கதை. ஆங்கிலம் பாதி புரியாது. மாடு காற்றில் பறப்பது புரியும், அது போதும். டேபிள் ஃபேன் முன்னால் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டு நானும் ஆராய்ச்சியாளன் ஆனேன். முதுகில் இரண்டு விழுந்ததும் ஆராய்ச்சி முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அரை மணி நேரத்தில் கட்சி மாறிவிட்டேன்.

அப்போது எனக்குப் பிடிக்காத ஆள் மெலிஸா. நாயகன் பில்லுக்கு நிச்சயமான பெண். பிரிந்த மனைவி ஜோவிடம் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த இடத்தில், மாப்பிள்ளை புயலைத் துரத்திக் கிளம்பிவிடுகிறார். இந்தம்மா வண்டிக்குள் இருந்தபடி, ஆலோசனை கேட்டு அழைப்பவரிடம் செல்போனில் பேசிக்கொண்டே மாடு பறப்பதைப் பார்க்கிறார். அந்தக் கூட்டத்தில் மூளை உள்ள ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. நமக்கு இது சரிப்படாது என்று தெரிந்ததும் ஆர்ப்பாட்டமில்லாமல் விலகிப் போகிறார்.

போட்டிக் குழுவை நடத்தும் ஜோனாஸை வேறு வில்லனாக்கி வைத்திருக்கிறார்கள். யோசனையைத் திருடினார், ஸ்பான்சர் பிடித்தார், கறுப்பு வண்டிகளில் வந்தார். திருட்டு தப்புதான், சரி. ஆனால் மூன்று நிமிட எச்சரிக்கையைப் பதினைந்து நிமிடம் ஆக்குவதுதான் லட்சியம் என்று படமே சொல்கிறது. யார் ஆக்கினால் என்ன?

நமக்குப் புயல் என்றால் நாள் கணக்கில் அவகாசம். பெயர் வைத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, பள்ளிக்கு லீவு விடுவார்களா என்று காத்திருக்கும் வரை நேரம் இருக்கும். டொர்னேடோவுக்கு நிமிடக் கணக்குதான். மூன்று நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? என் மகளுக்குச் செருப்பு மாட்டவே ஐந்து நிமிடம் ஆகிறது.

படத்தில் டொர்னேடோவை உள்ளிருந்து அளக்க அதன் வழியில் வைக்கும் டோரதி என்ற கருவிப் பீப்பாய் முழுக் கற்பனை இல்லை. 1980-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் டோட்டோ என்ற பீப்பாயை டொர்னேடோவின் வழியில் வைக்க முயன்றார்கள். சரியாக வாய்க்கவே இல்லை. 2003-ல் தெற்கு டகோடாவில் டொர்னேடோ ஆய்வாளர் டிம் சமராஸ் தரையில் வைத்த சின்னக் கருவியின் மேல் டொர்னேடோ ஏறிப் போனது. காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்தது பதிவானது. படம் கனவு கண்டதை அவர் செய்து காட்டினார். நிதானமானவர் என்று பெயரெடுத்த அதே மனிதர், 2013-ல் ஓக்லஹோமாவின் எல் ரெனோவில், நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த டொர்னேடோவில் மகனோடும் சக ஆய்வாளரோடும் சிக்கி இறந்தார்.

இது தெரிந்த பிறகு கிளைமாக்ஸை எப்படி ரசிப்பது? வருவது எஃப்5, அதாவது வலிமை அளவுகோலில் உச்சத்தில் இருக்கும் டொர்னேடோ. பில்லும் ஜோவும் தோல் பெல்ட்டால் தங்களைக் குழாயோடு கட்டிக்கொள்கிறார்கள். சுற்றி இருந்ததெல்லாம் போகிறது. இவர்கள் மட்டும் தலைகீழாகத் தொங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கீழே விழுந்து, முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. முன்னால் ஒரு காட்சியில் சின்னப் பாலத்தடியில் ஒளிந்து தப்பிக்கிறார்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பத்து வயதில் எனக்கு யாராவது டொர்னேடோ பாதுகாப்புத் தேர்வு வைத்திருந்தால் ‘பாலத்தடி’ என்றுதான் எழுதியிருப்பேன். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் செத்துப்போனார்கள்.

இவ்வளவு திட்டியும் படத்தை வெறுக்க முடியாததற்குக் காரணம் முதல் காட்சி. 1969. ஜோ சிறுமி. குடும்பமே நிலவறைக்குள். மேலே கதவு அதிர்கிறது, தாழ்ப்பாள் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறது, அப்பா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் தொங்குகிறார். அப்புறம் கதவும் இல்லை, அப்பாவும் இல்லை. சின்ன வயதில் இது எனக்கு மாடு வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய பகுதி, அவ்வளவுதான்.

“ஏம்ப்பா, அவர் கதவ விட்டுட்டு உள்ள வந்து உக்கார வேண்டியதுதானே?” என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அவளுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது.

“சரி போடுப்பா. மாடு எப்ப வரும்?”