பீனிக்ஸ் வீடியோவும் நானும்

2021 ஜூலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸ். தெருமுனையில் பழைய டயர்களை அடுக்கி வழியை மறித்து நான்கைந்து ஆண்கள், இருவர் கையில் துப்பாக்கி. பின்னால் ஒரு வீட்டு முற்றத்தில் மூங்கில் கழியில் கட்டிய சிவப்புக் கொடி. அங்குள்ள இந்து வீடுகளில் அது வழக்கம். “நம்மவர்கள் பயந்து ஓடவில்லை, பாருங்கள்” என்று மாமா எழுதியிருந்தார். நானும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த கலவரம் அது. நாடு முழுக்க 350 பேருக்கு மேல் செத்தார்கள். பீனிக்ஸில் மட்டும் 36 பேர், மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். கடைகள் எரிந்தன, போலீஸ் கண்ணில் படவில்லை. அங்கிருந்தவர்களின் பயம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்த கறுப்பு முகம் ஒவ்வொன்றும் கொள்ளைக்காரனாகத் தெரிந்ததற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

டர்பனில் கேட்டோ மேனர் என்றொரு பகுதி. இந்தியர்கள் காய்கறி பயிரிட்டார்கள். அவர்களிடம் வாடகைக்கு இடம் பிடித்துக் கறுப்பர்கள் குடிசை போட்டார்கள். சொர்க்கம் ஒன்றுமில்லை. 1949-இல் டர்பனில் இந்தியர்களுக்கும் கறுப்பர்களுக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். ஆனாலும் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்த ஊர். 1950-இல் வெள்ளை அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது, ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிப் பகுதி. பிறகு அந்த ஊரையே இடித்துக் கறுப்பர்களை குவாமாஷுவுக்கும் இந்தியர்களைச் சாட்ஸ்வர்த்துக்கும் அனுப்பினார்கள். 1976-இல் பீனிக்ஸ், அதுவும் இந்தியர்களுக்கென்றே, கறுப்பர்கள் வாழும் குவாமாஷுவுக்கும் இனாண்டாவுக்கும் பக்கத்தில். கோடு போட்ட வெள்ளையர்கள் குடியிருந்ததோ தொலைவில், நல்ல காற்று வரும் மேட்டில். 2021-இல் டயர் அடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

1984-இல் வெள்ளை அரசு இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் நாடாளுமன்றத்தில் தனித்தனி அவை கொடுத்தது, கறுப்பர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த அவைக்கான தேர்தலைப் பெரும்பாலான இந்தியர்கள் புறக்கணித்தார்கள், பதிவுபெற்ற இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி இது, சொல்வதில்லை. பத்தே ஆண்டில், 1994-இல், எல்லோரும் வரிசையில் நின்று வாக்களித்த முதல் தேர்தலில், இந்தியர்களில் பெரும்பாலோர் நிறவெறிச் சட்டங்களைக் கொண்டுவந்த அதே தேசியக் கட்சிக்கு வாக்களித்தார்கள். மேலே இருப்பவன் மிதித்தால் பொறுத்துக்கொண்டு, கீழே இருப்பவன் எழுந்துவிடுவானோ என்று தூக்கம் கெடுவது. இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரன் டர்பன் வரை போக வேண்டியதில்லை.

அந்த 1994 தேர்தலில் ஆட்சிக்கு வந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸை நான் காப்பாற்றப் போவதில்லை. முப்பது ஆண்டு ஆண்டும், வேலை தேடுவோரில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. 2024-இல் மக்கள் நாற்பது சதவீத வாக்கில் நிறுத்தினார்கள். அதன் பிறகு ‘ஜனநாயகக் கூட்டணி’ என்ற பெயருள்ள எதிர்க்கட்சி உள்ளிட்ட கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. ஆனால் “கறுப்பன் கையில் கொடுத்தால் இப்படித்தான்” என்று என் பதிவின் கீழ் எழுத வருகிறவர்கள், இனாண்டாவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் இன்றும் எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

போன வாரம் பழைய படங்களை அழிக்கும்போது அந்த வீடியோ மறுபடி கண்ணில் பட்டது. இறந்தவர்கள் 36 பேர் என்று எழுதி அதே குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தது. மறுநாள் மாமா ஒரு காலை வணக்கம் படம் அனுப்பினார், ரோஜாப்பூவோடு.