விழுகிறவன் மண்டபம் பார்த்து விழுவதில்லை, ஐயா

அந்தக் குரல் பதிவை இதற்குள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், "உங்களைப் பற்றித்தான் போலிருக்கிறது" என்று ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். என்னைப் பற்றித்தான். நன்றி.

கேட்காதவர்களுக்காகச் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்து ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பூங்காவில் செய்துகாட்டினோம். அதைப் பற்றித்தான் பதிவு. பூங்கா என்பது அமைதி தேடி வருகிற இடமாம். கார்த்திகை பிறந்த கையோடு, நல்ல காலை நேரத்தில், ஒரு பையனைத் தரையில் படுக்க வைத்து, வலிப்பு வந்தவன்போல நடிக்க வைத்துக் கூத்துக் காட்டினோமாம். இதையெல்லாம் ஒரு மண்டபம் எடுத்து நடத்த வேண்டியதுதானே என்கிறார் நடைப்பயிற்சியாளர் சங்கச் செயலாளர் ஐயா. இரண்டு நிமிடம் பேசியவர், ஒலிபெருக்கியின் வயரைத் தம் கையாலேயே பிடுங்கியதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். வயதாகிவிட்டால் மறதி இருக்கத்தான் செய்யும்.

முதலில் அந்தப் "பையன்". அவனுக்கு வயது முப்பத்து மூன்று. என் தம்பி. நடித்தான் என்பது உண்மைதான். பதினான்கு வயதிலிருந்து தனக்கு வந்துகொண்டிருப்பதை அன்றைக்கு ஒரு நாள் நடித்துக் காட்டினான்.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் நடத்தினால் யார் வருவார்கள்? வீட்டில் வலிப்பு நோயாளி இருப்பவர்கள் வருவார்கள். அவர்களிலும் பாதிப் பேர், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும். தெரியவேண்டியது வழிப்போக்கர்களுக்கு. பால் வாங்கப் போகிறவருக்கு, பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு, பூங்காவில் எட்டுப் போட்டு நடக்கிறவருக்கு. ஒருவன் விழும்போது பக்கத்தில் நிற்கப்போவது இவர்கள்தான். விழுகிறவன் மண்டபம் பார்த்து விழுவதில்லை.

2011. தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் விழுந்தான். நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அவன் உள்ளங்கையில் சாவிக் கொத்தை வைத்து அழுத்துகிறார். ஒருவர் முகத்தில் சோடாவைப் பீய்ச்சுகிறார். இரண்டு பேர் கை கால்களை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். இன்னொருவர், நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டே பல்லுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைத் திணிக்கிறார். முன்பல் பாதி உடைந்தது. இன்றும் அவன் சிரித்தால் தெரியும், அதனால்தான் அவன் அதிகம் சிரிப்பதில்லை. ஒரு பூக்காரம்மா மட்டும் தான் உட்கார்ந்திருந்த சாக்கை உருவி, மடித்து, அவன் தலைக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு அங்கே உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. மரக்கட்டையைத் திணித்தவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஓடி வந்து உதவ மனம் இருந்தது, எப்படி உதவுவது என்று தெரியவில்லை. அந்த முப்பது பேரை நான் எந்த மண்டபத்துக்கு அழைப்பிதழ் அனுப்பி வரவழைப்பேன், ஐயா?

அந்த இரும்புச் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று அன்றைக்குப் பூங்காவிலும் இரண்டு பேர் சொன்னார்கள். நிற்கும்தான். பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வந்து கையில் திணிப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. பேரைச் சாவி தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

நாங்கள் செய்துகாட்டியதெல்லாம் இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கல், நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும்வரை கூடவே இருங்கள். இதுதான் அந்தக் கூத்து. ஒருக்களிக்கும் கட்டத்துக்கு வரும்போதுதான் வயர் பிடுங்கப்பட்டது.

இனி, கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு.

அனுமதி வாங்கினீர்களா? வாங்கினோம். மூன்று முறை நடந்து, முத்திரை வைத்த கடிதம் வாங்கினோம். செயலாளர் ஐயாவிடம் காட்டினேன். "கடிதம் கிடக்கட்டும் அம்மா" என்றார்.

சத்தம்? கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன ஒலிபெருக்கி ஒன்று. நடப்பவர்கள் கலையட்டும் என்று எட்டு மணிக்குத்தான் தொடங்கினோம். அதே பூங்காவில் ஆறு மணிக்குச் சிரிப்பு யோகா என்று நாற்பது பேர் ஹாஹாஹா என்று தொண்டை கிழியச் சிரிக்கிறார்கள். மாடியில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கிறது. போன மாதம் ஒரு பிரமுகரின் பிறந்தநாளுக்கு இரண்டு ஆள் உயரப் பெட்டிகளை வைத்துப் பாட்டுப் போட்டார்கள். செயலாளர் ஐயா பொன்னாடை போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூட்டுவலித் தைலக்காரர் வாரம் தவறாமல் வாசலில் மேசை போடுகிறார். அப்போதெல்லாம் கெடாத அமைதி என் தம்பி படுத்ததும் கெட்டுவிட்டது.

குழந்தைகள் பயப்படுவார்கள்? எண்ணிக்கை சொன்னதே குழந்தைகள்தான். கைப்பேசியில் நேரம் பார்த்து எண்ணுகிற வேலைக்கு மூன்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பயந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு வடிவ நடைபாதையை அடைத்துவிட்டோம் என்பது ஒன்றுதான் நியாயமான குறை. முதல்நாள் இரவு பெய்த மழையில் புல்தரை சகதியாகக் கிடந்தது, வேறு காய்ந்த இடம் இல்லை. நடைபாதையின் ஒரு வளைவில் பாயை விரித்தோம். அது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் எட்டைப் பூஜ்ஜியமாக நடந்திருக்கலாம் என்று தோன்றியதை நான் வெளியே சொல்லவில்லை.

சுய விளம்பரம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமா? ஐந்நூறு துண்டறிக்கை, ஒலிபெருக்கி வாடகை, சுண்டல். என் சம்பளப் பணம். எந்தத் துண்டறிக்கையிலும் என் பெயர் இல்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டறிந்து சிகிச்சை தந்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைத்தான் அச்சடித்திருந்தோம். நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் விழிப்புணர்வு நாள். இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கார்த்திகை இரண்டாம் நாளாகவும் அமைந்தது என் குற்றமில்லை. மாலை போட்டிருந்த இரண்டு சாமிகள் கடைசிவரை நின்று பார்த்தார்கள், அவர்களுக்கு எந்தத் தீட்டும் ஒட்டவில்லை.

செயலாளர் ஐயா நல்லவர் என்கிறார்கள். தெரியும். பூங்காவுக்குக் கழிப்பறை வந்ததே அவர் அலைந்ததால்தான். பெண்கள் நாங்கள் அதற்கு நன்றியோடு இருக்கிறோம். ஆனால் அவர் குரலில் இருந்தது அமைதியைப் பற்றிய கவலை இல்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். என் பெரியப்பாவின் குரல் அது. "வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற குரல்.

நாங்களும் வீட்டுக்குள்ளேதான் வைத்துக்கொண்டிருந்தோம். யாரோ சொன்னார்கள் என்று குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அம்மா அவனோடு தங்கினார். சாமியை நான் குறை சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு அங்கேதான் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாளும் மாத்திரையை நிறுத்தி வைத்தோமே, அது எங்கள் அறியாமை. மருத்துவரைக் கேட்காமல் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும்படி நாங்களும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் வலிப்பு நோயையும் ஒரு தடையாகச் சேர்த்தார்கள். 1999-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றம் அடித்த சொல்லை எங்கள் தரகர் இன்னும் அடிக்கவில்லை. தம்பிக்கு மூன்று இடம் வந்தது, மூன்றும் போனது. நான்காவது இடத்துப் பெண்வீட்டார் பார்க்க வந்த அன்று, அவனுடைய மாத்திரை அட்டைகளை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவன் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றிரவு மாத்திரை நேரத்துக்கு எழுந்து போய், பானைக்குள் கையை விட்டு, அரிசியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டான். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, "மறைவாக நடத்துங்கள்" என்று சொல்கிறவர்களே, மறைப்பதில் உங்களைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

அவன் பூங்காவில் படுக்கச் சம்மதிக்க இரண்டு வருடம் ஆனது. வயர் பிடுங்கப்பட்டபோது கண்ணை மூடிப் படுத்திருந்தான். சத்தம் நின்றது ஏன் என்று தெரியாமல், அடுத்த கட்டத்துக்காக, யாராவது தன்னை ஒருக்களிக்க வைப்பார்கள் என்று அப்படியே காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, அதே பூங்கா, வேப்பமரத்தடி. நடைபாதையைத் தொட மாட்டோம். ஒலிபெருக்கியும் இல்லை, பிடுங்குவதற்கு வயர் இருக்காது. செயலாளர் ஐயாவுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. பொன்னாடை கிடையாது.

திருத்தம்: தம்பி படித்துவிட்டான். அரிசிப் பானை விஷயத்தை எடுக்கச் சொல்வான் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாய் இல்லை அக்கா, ஜமக்காளம்" என்றான். ஆமாம், அம்மாவின் பச்சை ஜமக்காளம். கிளம்பிய அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டோம். காலையில் நடக்கப் போகிறவர்கள் யாராவது பார்த்தால் காவலாளி அறையில் கொடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.